பின்பக்க புஷ் மாற்றப் போய் போல்ட்டில் மாட்டிய கதை

பழைய கார். பின்பக்க சஸ்பென்ஷனில் நான்கு புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வைத்த இரும்பு வளையம்), இரண்டு ஷாக் அப்சார்பர் மாற்ற வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாள், 12,000 ரூபாய். இதுதான் நான் போட்ட கணக்கு. முடிந்தபோது ஏழு வாரம் ஓடியிருந்தது, செலவு 45,840 ரூபாய். அதில் பாதிக்கு மேல் வீண். காரைப் பற்றித் தெரிந்த நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. ஆனால் கடலூர் மாதிரிக் கடற்கரை ஊரில் வைத்திருக்கிற இருபது வருடக் காரின் அடியில் கை வைத்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

என்னுடையது 2003 மாடல் மாருதி எஸ்டீம். 1994 முதல் 2007 வரை விற்ற கார். இன்றைய பிள்ளைகள் கண்ணுக்கு அது பெரியப்பா வீட்டுக் கார். ஆனால் எடை குறைவு, 1.3 லிட்டர் இன்ஜின் மனசுவிட்டுச் சுற்றும், பின்பக்கமும் தனித்தனி சஸ்பென்ஷன். ஒரு காலத்தில் சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் எஸ்டீம்கள் வரிசை கட்டி ரேஸ் ஓடியவை. அந்த ஆசையில்தான் 2018இல் 85,000 கொடுத்து வாங்கினேன். வருடத்துக்கு மூன்று நான்கு முறை, டிராக் டே, அதாவது பணம் கட்டிச் சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாட்களில், விடியற்காலை கிளம்பிப் புதுச்சேரி, திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக ஏறக்குறைய 170 கிலோமீட்டர் ஓட்டிப் போவேன். அந்த 3.7 கிலோமீட்டர் டிராக்கில் சுற்றிவிட்டு அதே காரில் வீடு திரும்புவேன். தனியாக டிரெய்லர் வைத்து இழுத்துப் போகிற வசதி எனக்கு இல்லை. இது பின்னால் முக்கியமாகும்.

கார் நிற்பது மாமாவின் ஷெட்டில். ஒரு பக்கம் தேவனாம்பட்டினத்துக் கடற்காற்று, இன்னொரு பக்கம் தென்பெண்ணை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறி, அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் ஆற்றில் வந்தபோது, ஷெட்டுக்குள் இரண்டு நாள் பாதிச் சக்கரம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே சீட்டு நனையவில்லை, தப்பித்தோம் என்று நினைத்தேன். மேலே தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு, தெரு முனைப் பிள்ளையாருக்கு ஒரு சிதறு தேங்காயும் உடைத்தாயிற்று. கீழே குனிந்து பார்க்கவில்லை.

அடுத்த மார்ச்சில் டிராக்கில் முதல் முறையாகப் பயந்தேன். வேகமான வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தால் பின்பக்கம் தன்னிஷ்டத்துக்கு ஒரு திருப்பு திருப்பியது. வழுக்கல் இல்லை, வழுக்கினால் டயர் கத்தும். இது சத்தமே இல்லாமல், பின் சீட்டில் யாரோ இன்னொரு ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. ஊருக்குள் வேகத்தடை ஏறி இறங்கும்போது பின்னாலிருந்து ஒரு 'டொக்'. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. டயர் பழசு, அதனால்தான் என்று முடிவு கட்டி 17,200 ரூபாய்க்கு நான்கு டயர் போட்டேன். அடுத்த முறையும் அதே திருப்பு. புது டயரின் பிடி அதிகம் என்பதால் முன்பைவிட மோசம். என் நஷ்டக் கணக்கில் முதல் வரி இதுதான், எனக்கு இன்னும் எரிச்சல் தருவதும் இதுதான். ஏனென்றால், பத்துப் பைசா செலவில்லாமல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். காரைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, லோயர் ஆர்முக்கும் (சக்கரத்தைப் பாடியோடு பிணைக்கும் இரும்புக் கை) பாடிக்கும் நடுவில் ஒரு நீளமான லிவரைக் கொடுத்து நெம்ப வேண்டும். நல்ல புஷ் கொஞ்சம் நெகிழும், விட்டால் திரும்பும். கெட்டுப்போன புஷ்ஷில் ஆர்ம் 'கடக்' என்று நகரும். என் காரில் இடது பக்கம் கட்டை விரல் தடிமனில் பாதி நகர்ந்தது. ரப்பர் வட்டமாகக் கிழிந்து, இரும்புக் குழாய் தனியாகத் தெரிந்தது. வளைவில் எடை மாறும்போதெல்லாம் சக்கரத்தின் டோ, அதாவது அது உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற கோணம், அதற்கேற்ப மாறியிருக்கிறது. யாரோ ஸ்டியரிங் பிடித்த மாதிரி இருந்ததில் ஆச்சரியமே இல்லை.

பாகம் வாங்குவது அடுத்த கூத்து. நிறுத்தி இத்தனை வருடமான மாடலுக்குப் புது பாகம் கடலூரில் கிடைக்கவில்லை. சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் ஷாக் அப்சார்பர் ஜோடி 3,800 என்றார்கள். அட்டைப்பெட்டி பளபளவென்று இருந்தது, விலையும் இனித்தது, கடையிலேயே பிரித்துப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து நேராக நிறுத்திக் கையால் அமுக்கி இழுத்தால், ராடு பாதித் தூரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் சைக்கிள் பம்பு மாதிரி வந்தது. படுக்கைவாட்டில் கிடந்த ஷாக்கில் காற்று சேர்ந்திருக்கும், நேராக வைத்து ஏழெட்டுத் தடவை முழுசாக அமுக்கி இழுத்தால் சரியாகிவிடும் என்பது உண்மைதான். நான் முப்பது தடவை செய்தேன். ஒன்று கொஞ்சம் தேறியது, மற்றொன்று பம்பாகவே இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் 'பில் இல்லாமல் எடுக்க மாட்டோம்' என்றார்கள். பில் வேண்டாம் என்று சொல்லி நூறு ரூபாய் குறைத்து வாங்கியவன் நான்தானே. இன்னொரு இடத்தில் 5,600 கொடுத்து, கவுண்ட்டரிலேயே இரண்டையும் நிறுத்தி அமுக்கிப் பார்த்து, பில்லோடு வாங்கினேன்.

புஷ்ஷில் ரப்பரா, பாலியூரித்தேனா என்று நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையே போட்டார்கள். பாலி கெட்டியானது, டிராக்கில் கார் கோடு போட்டது போலப் போகும். ஆனால் அடிக்கடி கிரீஸ் வைக்காவிட்டால் கீச்கீச் என்று கத்தும், சாலைப் பள்ளம் ஒவ்வொன்றையும் முதுகெலும்புக்கு அப்படியே அனுப்பும். இருங்காட்டுக்கோட்டை போய்வர 340 கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கு அது சரிப்படாது என்று ரப்பரே வாங்கினேன், நான்குக்கும் சேர்த்து 2,400. டிரெய்லர் வைத்திருப்பவர்கள் வேறு முடிவு எடுக்கலாம்.

ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். ஷாக் இரண்டும் பதினொரு மணிக்குள் வெளியே வந்துவிட்டன. மதியச் சாப்பாட்டுக்குள் ஆர்மும் வந்துவிடும் என்று அத்தையிடம் மீன் குழம்பு வைக்கச் சொல்லிவிட்டு, லோயர் ஆர்ம் போல்ட்டில் பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டு ஒரு அழுத்து. போல்ட் திரும்பியது. அப்பாடா என்றிருந்தது. கையை விட்டேன். போல்ட் தலை மெதுவாக, தன் இஷ்டத்துக்கு, பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.

இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் என் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். புஷ் என்பது வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட் அந்த உள் குழாய்க்குள் போகிறது. குழாய்க்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருக்கிற தலைமுடி அளவு இடைவெளியில் உப்புக் காற்றும் வெள்ளச் சேறும் புகுந்து துரு பிடித்தால் இரண்டும் ஒரே இரும்பாகிவிடும். அப்போது நாம் போல்ட்டைத் திருப்பவில்லை, போல்ட்டோடு குழாயைத் திருப்பி ரப்பரை முறுக்குகிறோம். விட்டால் ரப்பர் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறது. இப்படித் திரும்பி வந்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுங்கள். அந்த போல்ட் கழலாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். நான் கீழே வைக்கவில்லை. டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்பிரே அடித்தேன், டீசல் ஊற்றினேன், ஸ்பேனரில் நான்கடிக் குழாய் மாட்டி ஏறி நின்றேன். எண்ணெய் எல்லாம் வெளியே திரெட்டில்தான் ஊறியது. உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு அடைத்துக்கொண்டிருந்த துருவுக்குள் போகவே இல்லை.

குழாயில் ஏறி நின்றபோதுதான் அது நடந்தது. ஷெட்டின் தரை பாதி சிமென்ட், பாதி மணல். ஜாக்கியின் ஒரு கால் மணல் பக்கம் இருந்தது. காரை நான் ஆட்டிய ஆட்டத்தில் ஜாக்கி சாய்ந்து, கார் ஒரு சாண் இறங்கி, நல்லவேளையாக ஸ்டாண்டில் உட்கார்ந்தது. ஸ்டாண்டு வைக்க எனக்குச் சோம்பல். மாமா சத்தம் போட்டதால்தான் வைத்தேன். அன்று அதற்கு மேல் வேலை செய்யவில்லை. மீன் குழம்பும் இறங்கவில்லை. மறுநாள் முதல் வேலையாக இரண்டடிக்கு இரண்டடி கனமான பலகை நான்கு வாங்கி ஸ்டாண்டுகளுக்குக் கீழே போட்டேன். மணல் ஊரில் ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள், அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு வாரம் கழித்துக் கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கும் ஒரு பெரியவரை மாமா அழைத்து வந்தார். வாழ்நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறிய போல்ட்டுகளோடு மல்லுக்கட்டியவர். கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, வண்டியக் கடல்ல வுட்டு எடுத்தியா?" என்றார். பிறகு என் டபிள்யூடி-40 டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தார். "இத வச்சிக் கதவுக் கீலுக்கு அடி. பிளேடு எத்தினி இருக்குது?"

அவர் சொன்ன வழி வெட்டுவதுதான். புஷ்ஷின் முனைக்கும் பாடியின் பிராக்கெட்டுக்கும் நடுவில், ஒரு ஹேக்ஸா பிளேடு மட்டும் நுழைகிற சந்து இருக்கும். ஒரு போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு வெட்டு. பிரேம் நுழையாது என்பதால் பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கையால் இழுக்க வேண்டும். இரும்பு வெட்டும் கிரைண்டர் வைத்தால் ஐந்து நிமிடம்தான், ஆனால் பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது, பொறி பறக்கக் கூடாது என்று அதைத் தொடவிடவில்லை. நான்கு போல்ட், எட்டு வெட்டு, ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம். சாதாரண பிளேடு பத்து நிமிடத்தில் பல் மழுங்கியது. பை-மெட்டல் பிளேடு ஒன்று இரண்டு வெட்டுக்குத் தாங்கியது. எல்லாம் சேர்த்து 900 ரூபாய். இன்னொன்று: வெட்டுவதற்கு முன் ஆர்முக்குக் கீழே ஜாக்கியை முட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஸ்பிரிங்கின் பலம் முழுக்க அந்த ஆர்மின் மேல்தான் இருக்கிறது, கடைசி இழுப்பில் அது சும்மா இறங்காது.

மூன்று போல்ட் இப்படி முடிந்தது. நான்காவதன் மிச்சத் துண்டு, பாடிக்குள் வெல்டு வைத்த நட்டுக்குள் மாட்டிக்கொண்டது. அதற்குச் சூடு காட்டியே ஆக வேண்டும். பெரியவர் முதலில் பெட்ரோலை எடுக்கச் சொன்னார், பிறகு டேங்கையே கழற்றித் தெருவின் எதிர்ப்பக்கம் வைக்கச் சொன்னார். காலி டேங்க்தானே என்றேன். "காலிதான் வெடிக்கும்" என்றார். சரியான பேச்சு, நிறைந்த டேங்கைவிட ஆவி நிரம்பிய டேங்குதான் ஆபத்து. அப்புறம் நட்டை மட்டும் சிவக்கிற வரை சூடாக்கி, தீயை எடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துத் திரெட்டின் ஓரத்தில் வைத்தார். மெழுகு உருகிச் சொட்டும் என்று பார்த்தேன். சொட்டவில்லை. புகைந்துகொண்டே திரெட்டுக்குள் உறிஞ்சப்பட்டுப் போனது, அகல் திரி எண்ணெய் குடிப்பது போல. கொஞ்சம் ஆறவிட்டு வைஸ் கிரிப்பில் பிடித்து முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று அசைத்தார். ஆறேழு அசைவில் துண்டு வெளியே வந்தது. 1,000 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். நான் அந்த வாரம் செலவழித்ததிலேயே நியாயமான பணம் அதுதான்.

இதற்கெல்லாம் நடுவில் ஜூலை டிராக் டேவுக்கு முன்கூட்டியே கட்டியிருந்த 6,500 ரூபாய் போனது. கார் நான்கு ஸ்டாண்டில், சக்கரம் இல்லாமல், வெயிலுக்குத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. தினமும் வேலை முடிந்து வந்து அதைப் பார்க்கும்போது, இந்த இரும்பை எடைக்குப் போட்டுவிடலாமா என்று தோன்றாத நாள் இல்லை. ஒரு நாள் காயலான் கடைக்காரரிடம் விலையே கேட்டுவிட்டேன். அவர் சொன்ன தொகை என்னை மறுபடி ஷெட்டுக்கு அனுப்பியது.

புது போல்ட்டில் ஒரு எச்சரிக்கை. ஹார்டுவேர் கடையில் அளவு சொன்னால் சாதாரண எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) போல்ட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். தலையில் 8.8 அல்லது 10.9 என்று பலத்தைச் சொல்லும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய போல்ட்டைக் கொண்டுபோய் அதன் பலத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். கடலூரில் எல்லோரும் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடச் சொல்வார்கள், துருவே பிடிக்காது என்று. கடைகளில் கிடைக்கிற ஏ2-70 எஸ்எஸ் போல்ட் 10.9ஐ விட நன்றாகவே பலம் குறைந்தது. கேட் கீலுக்குப் போடலாம், சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஆர்முக்கு வேண்டாம். நான் 10.9 வாங்கி, போல்ட் உடம்பு முழுக்கக் கிரீஸ் தடவி மாட்டினேன். பழைய புஷ்ஷை ஆர்மிலிருந்து எடுப்பதை வீட்டில் சுத்தியலால் முயற்சி செய்யாமல் அழுத்தித் தள்ளும் பிரஸ் வைத்திருக்கிற லேத் பட்டறைக்குக் கொடுத்தேன், 1,200. அடித்தால் ஆர்மின் வாய் நெளிந்துவிடும்.

எல்லாவற்றையும் மாட்டி, முறுக்கி, சக்கரம் போட்டு இறக்கினேன். பின்பக்கம் முன்பைவிட இரண்டு விரல் உயரமாக நின்றது. புது பாகம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அலைன்மென்ட்டுக்குப் புதுச்சேரி போக வேண்டும். டோ சரிசெய்யும் கேம் போல்ட்டின் பழைய நிலையை மார்க்கர் பேனாவால் குறித்து வைத்திருந்தேன். கெரசின் போட்டுத் துடைத்ததில் குறியும் சேர்ந்து போய்விட்டது. உளியால் ஒரு வெட்டுக் குறி போட்டிருக்க வேண்டும். 22 கிலோமீட்டரும் கார் நண்டு மாதிரி ஒருக்களித்து ஓடியது, மணிக்கு நாற்பதைத் தாண்டவில்லை. இந்திரா காந்தி சிலைப் பக்கம் முதலில் போன இடத்தில் 'பின் சக்கரத்துக்கு அலைன்மென்ட் கிடையாது சார்' என்றார்கள். இந்தக் காரில் உண்டு. போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். நான்கு சக்கரத்துக்கும் பார்க்கிற இடத்தில் 1,500 ஆனது.

அறுநூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, மறுபடி 'டொக்'. குனிந்து பார்த்தால் புது புஷ்ஷின் ரப்பரில் வெடிப்பு. கடைக்காரனைத் திட்டிக்கொண்டே போனேன், தப்பு என் மேல். சக்கரம் காற்றில் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டுகளைக் கடைசி வரை முறுக்கியிருந்தேன். அப்படிச் செய்தால் ஆர்ம் தொங்குகிற கோணத்திலேயே உள் குழாய் இறுகிவிடுகிறது. காரை இறக்கியதும் ஆர்ம் மேலே போகிறது, ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, ஓடாமல் நிற்கும்போதும் முறுக்கியபடியே இருக்கிறது. அந்த இரண்டு விரல் உயரம் இதனால்தான். முதலில் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, காரின் எடை சக்கரத்தின் மேல் உட்கார்ந்த பிறகுதான் முழுசாக முறுக்க வேண்டும். வீட்டில் செய்வதென்றால் ஆர்முக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, பாடி ஸ்டாண்டிலிருந்து ஒரு நூல் எழும்புகிற வரை தூக்கி, அந்த நிலையில் முறுக்கலாம். ஸ்டாண்டை எடுக்கவே கூடாது. மறுபடி புஷ் 2,400, பிரஸ் 1,200, அலைன்மென்ட் 1,500. இந்த முறை போல்ட்டுகள் கிரீஸில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. முதல் முறை மூன்று வாரம் எடுத்த வேலை இப்போது ஒரே காலையில் முடிந்தது. உட்கார்ந்து சிரித்தேன், வேறென்ன செய்ய.

செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டை போனேன். அதே வளைவு, வேண்டுமென்றே காலை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் கொஞ்சம் உள்ளே இழுத்து, அங்கேயே நின்றது. என் பழைய நேரத்தைவிட ஒரு சுற்றுக்கு இரண்டு விநாடி குறைந்தது. அதில் டயருக்கு எவ்வளவு, புஷ்ஷுக்கு எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இப்போது ஆயுத பூஜைக்குக் காருக்குச் சந்தனம் வைக்கும் முன் நான்கு போல்ட்டையும், கார் தரையில் நிற்கும்போதே, ஒவ்வொன்றாகத் தளர்த்தி, திருப்பிப் பார்த்து, முறுக்கிவிடுகிறேன்.

போன வாரம் முன்பக்கத்திலிருந்து ஒரு 'டொக்' கேட்க ஆரம்பித்திருக்கிறது. புஷ் இன்னும் வாங்கவில்லை. 10.9 போல்ட் ஆறு, பை-மெட்டல் பிளேடு ஒரு டஜன், மெழுகுவர்த்தி ஒரு பாக்கெட் வாங்கி ஷெட்டில் வைத்துவிட்டேன்.